வரிக் கடிதமும் முப்பது நாளும்

கேமரன் மலையில் பல தோட்டங்களில் கடிதம் நேராக வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தபால் தோட்டத்து ஆபீசில் கட்டாக இறங்கும். கிராணி பிரித்து வைப்பார். வேலை முடிந்து போகிற யாராவது எடுத்து வந்து லயத்தில் கொடுப்பார்கள். கல்யாணப் பத்திரிகை நான்கு நாள் தாமதமாக வந்தால் பெரிய நட்டமில்லை. வருமான வரிக் கடிதம் அப்படியன்று. அதில் ஒவ்வொரு நாளும் கணக்கில் சேரும்.

கொழுந்து எடுக்கும் கூலிக்கு வருமான வரி ஏது என்று நேயர்கள் கேட்கலாம். உண்மைதான், தோட்டத்துச் சம்பளம் மட்டும் உள்ள பல குடும்பங்களுக்கு வரி வராது. ஆனால் நம் பிள்ளைகள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், காய்கறித் தோட்டம் போடுகிறார்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேருக்கு ஒரு நாள் 'நோட்டிஸ் தக்சிரான்' வருகிறது. இவ்வளவு வரி கட்டு என்று உள்நாட்டு வருமான வரி வாரியம் அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதம் அது. தொகை தவறென்று பட்டால் என்ன செய்வது?

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கடிதம் சேர்ந்த 30 நாளுக்குள் 'போரங் கியூ' என்னும் பாரத்தை நிரப்பி, எந்தக் காரணத்தால் மதிப்பீடு தவறு என்று எழுதி, வாரியத்திடம் கொடுக்க வேண்டும். வாரியம் முதலில் தானே மறுபடி பார்க்கும். உடன்பாடு வராவிட்டால் வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் போகும்.

கடிதம் 'சேர்ந்தது' என்றால் என்ன? நாம் உறையைக் கிழித்த நாள் அன்று. தபாலில் வந்தால், வழக்கமாகத் தபால் வந்து சேர வேண்டிய நாளுக்கு மறுநாளே அது சேர்ந்துவிட்டதாகச் சட்டம் கொள்ளும். ரிங்லெட்டில் லாரி வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். சட்டக் கணக்குப்படி கடிதம் ஜூன் 6இல் சேர்ந்தது. அது ஆபீஸ் மேசையில் பத்து நாள் கிடந்தது. அவர் கையில் கிடைத்தபோது ஜூன் 16. அவரோ அன்றிலிருந்து எண்ணி ஜூலை 16 வரை நாள் இருக்கிறதென்று நிம்மதியாக இருக்கிறார். கெடு ஜூலை 6இலேயே முடிந்துபோயிற்று. ஆகவே கடிதத்தின் மேல் அச்சிட்ட தேதியிலிருந்தே எண்ணுங்கள். இரண்டு மூன்று நாள் முந்திக்கொள்வதால் யாருக்கும் கெடுதலில்லை.

மேல்முறையீடு செய்தவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'நான் எதிர்த்து எழுதிவிட்டேன், தீர்ப்பு வரட்டும், பிறகு கட்டுகிறேன்' என்று இருந்துவிடுகிறார்கள். அந்த 30 நாளில் வரியையும் கட்டியாக வேண்டும். 9,000 ரிங்கிட் கட்டத் தவறினால் பத்து விழுக்காடு, அதாவது 900 ரிங்கிட், மேலே ஏறும். கட்டாதவர் மீது அரசாங்கம் வழக்குப் போட்டால், தொகை அதிகம் என்றோ மேல்முறையீடு நடக்கிறது என்றோ சொல்லும் வாதத்தை அந்த நீதிமன்றம் கேட்கக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. சொத்துரிமை பற்றிய அரசியலமைப்பின் 13ஆம் விதியைக் காட்டி ஆறுமுகம் பிள்ளை என்பவர் இதை எதிர்த்துப் பார்த்தார். 1975இல் கூட்டரசு நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. கடுமையான ஏற்பாடுதான் என்று நமக்கும் படுகிறது. ஆனாலும் கட்டிவிட்டு வாதாடுவதுதான் வழி. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்டு எழுதலாம்.

முப்பது நாள் தவறிவிட்டால்? 'போரங் என்' என்று ஒரு பாரம் உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், கடிதம் கைக்கு வரவில்லை என்பது போன்ற காரணத்தைக் காட்டி அதில் கூடுதல் நாள் கேட்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டு, தபால் உறை போன்ற சான்றுகளையும் சேர்த்துக் கொடுங்கள். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

அரசாங்கத்தின் மீது வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது என்று காப்பிக் கடைகளில் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 36 மாதம் என்று இருக்கிறது. அதிகாரியின் செயலால் நட்டம் ஏற்பட்டதென்று உரிமை வழக்குப் போடுவதற்குரிய கெடு அது. வரித் தொகையைக் குறைக்க அது உதவாது. அதிகாரி தம் அதிகாரத்தை மீறினார் என்று உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்பதற்கு மூன்று மாதம்தான். அதிலும் 'உனக்கு மேல்முறையீட்டு வழி இருந்ததே, அங்கே ஏன் போகவில்லை?' என்று நீதிபதி கேட்பார். சிறப்பு ஆணையர்களின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 21 நாள். காப்பிக் கடையில் இந்தக் கெடுக்களெல்லாம் ஒன்றாகிவிடுகின்றன.

தவறு நம்முடையதாக இருந்தால் சட்டம் கொஞ்சம் தாராளம் காட்டுகிறது. தாயாரின் வைத்தியச் செலவுக்கோ பிள்ளைகளுக்கோ உரிய கழிவைப் பாரத்தில் எழுத மறந்து, அதிக வரி கட்டியவர் ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்துத் திரும்பக் கேட்கலாம். ரசீது வேண்டும். பழைய மதிப்பீட்டைத் திருத்த வாரியத்துக்கும் பொதுவாக ஐந்து ஆண்டுதான். மோசடியோ கவனக்குறைவோ இருந்தால் அந்த எல்லையும் கிடையாது.

தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ குடிபெயர்ந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. வரி கட்டுபவர் முகவரி மாறினால் மூன்று மாதத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கடிதம் பழைய லயத்து முகவரிக்கே போகும். கிராணி அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் வைத்திருக்கும்போதே முப்பது நாளும் ஓடிக்கொண்டிருக்கும்.