பஸ்ஸின் பின்னால் சுழலும் காற்று

பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் பஸ்ஸில் கடைசி சீட்டில் பயணம் செய்தவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. ஜன்னலை இறக்கி விட்டாலும் புழுதி பின்பக்கமாக வந்து சட்டைக் காலரில் படியும். பஸ் ஓடுகிறது முன்னால். புழுதி ஏன் துரத்தி வருகிறது?

கூரையை ஒட்டி வரும் காற்று பின் விளிம்பில் சட்டென்று மடங்க முடியாமல் பிரிந்து விடுகிறது. அதனால் பின்னால் அழுத்தம் குறைந்து காற்று சுழல்கிறது. புழுதியை இழுப்பதும், வண்டியையே பின்னுக்கு இழுத்து டீசலைத் தின்பதும் இச்சுழல்தான். விமானத்தின் இறக்கையில் இப்படிக் காற்று பிரிந்தால் விமானத்தைத் தாங்கும் விசையே குறைந்துவிடும். அப்போது பிரச்னை டீசலோடு நிற்காது.

பிரிவது ஏன் என்று 1904-இல் ஜெர்மனியின் பிராண்டல் விளக்கி விட்டார். காற்றோட்டத்துக்கான சமன்பாடுகள் அதற்கும் முந்தியவை. பின் என்ன தடை? பஸ் அகலச் சுழலும் உண்டு, மில்லிமீட்டருக்கும் குறைந்த சுழலும் உண்டு. எல்லாவற்றையும் கணக்கிடுவதென்றால், வேகம் 10 மடங்காகும்போது கணக்கிட வேண்டிய புள்ளிகள் சுமார் 180 மடங்காகும்.

ஆகவே குறுக்கு வழிகள் தேடினர். ரெனால்ட்ஸ் 1895-இல் காட்டிய சராசரி முறை மலிவானது. ஆனால் மாதச் சராசரி வருகையை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை யார் லீவு என்று சொல்ல முடியுமா? வானிலை ஆராய்ச்சியாளர் ஸ்மகோரின்ஸ்கி 1963-இல் வேறு வழி சொன்னார்: பெரிய சுழல்களை நேராகக் கணக்கிடு, சிறியவற்றுக்கு மதிப்பீடு போதும். இது நல்ல முறைதான். ஆனால் உலோகப் பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் பெரிய சுழலே கிடையாது, செலவு எகிறி விடுகிறது. அமெரிக்காவில் ஸ்பலார்ட்டும் சகாக்களும் 1997-இல் இரண்டையும் கலந்தனர். பரப்பின் அருகே சராசரி, பிரிந்த இடத்தில் சுழல். சிக்கனமான ஏற்பாடுதான். ஆயினும் வளைந்த இறக்கையில் காற்று எங்கே பிரியும் என்பதைச் சராசரிதான் தீர்மானிக்கிறது. அங்கே தவறினால் பிறகு வரும் கணக்கெல்லாம் வீண்.

இம்முறைகளுக்கு ஒரு பரீட்சையும் உண்டு. அகமதும் இரு சகாக்களும் 1984-இல் ஜெர்மனியில் சோதித்த, 1 மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள கார் போன்ற கட்டை அது. அதன் பின்புறச் சரிவை 30 டிகிரி வரை கூட்டினால் காற்றின் எதிர்ப்பு உச்சத்துக்குப் போகிறது. அதைத் தாண்டியதும் சட்டென்று விழுகிறது! 35 டிகிரியில் சராசரி முறை ஓரளவு தேறுகிறது. 25 டிகிரியில், பிரிந்த காற்று மீண்டும் சரிவில் வந்து ஒட்டும்போது, தடுமாறுகிறது.

நம் பெங்களூருக்கும் இதில் பங்குண்டு. கேட்ட விலைக்கு வெளிநாட்டுப் பெரிய கம்ப்யூட்டர்கள் எளிதில் கிடைக்காத காலத்தில், 1986-இல், இங்குள்ள தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் பல சிறு கணிப்பான்களை இணைத்து 'ஃப்ளோசால்வர்' என்ற இயந்திரத்தைத் தானே உருவாக்கியது. காற்றோட்டக் கணக்குகளுக்கென்றே பிறந்தது அது.

முழு விமானத்தின் எல்லாச் சுழல்களையும் விடாமல் கணக்கிடுவது எப்போது கைகூடும்? ஸ்பலார்ட் 2000-இல் குறித்த ஆண்டு 2080. அதுவரை கம்ப்யூட்டர் சொன்னதைக் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை நிறுத்தித்தான் சரிபார்க்க வேண்டும். கடைசி சீட்டுக்காரர் கைக்குட்டையை விடாமல் வைத்துக்கொள்வது நல்லது.