பூனை நொண்டினால்...

வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு நொண்டினால் விலை குறையும்; அதனால் உடனே கவனிக்கிறோம். பூனை நொண்டினாலோ, மதிலிலிருந்து குதித்திருக்கும் என்று விட்டுவிடுகிறோம். வாரக்கணக்கில் நீடிக்கும் நொண்டலும் எலும்போடு ஒட்டிய கடினமான வீக்கமும் எலும்புப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். எக்ஸ்ரே ஐயத்தை எழுப்புமே தவிர, முடிவைச் சொல்லாது; எலும்புத் தொற்றும் படத்தில் ஏறத்தாழ அவ்வாறே தெரியும். திசுப் பரிசோதனைதான் உறுதிசெய்யும். நோய் நுரையீரலுக்குப் பரவியுள்ளதா என்றறிய மார்பையும் படமெடுக்க வேண்டும். நாய்களைவிடப் பூனைகளிடம் இப்பரவல் மிகக் குறைவு. காலை அகற்றியபின் ஆண்டுக்கணக்கில் வாழும் பூனைகள் பல. உள்ளூரில் வசதியில்லையெனில், சேலம் செல்லும் வழியில் தலைவாசலிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதுவரை வலிக்கென்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு, அரை மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும்.