கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால் போதுமா?

ராமாநுஜர் அவதரித்த ஸ்தலமென்று பல நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்டு வரும் ஸ்ரீபெரும்புதூர், 1998-இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்ததும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டதும் முதலாக, மோட்டார் வாகனங்களின் ஜன்மஸ்தலமென்ற கீர்த்தியையும் பெற்றுவிட்டது. ஆயினும் அங்கே உருவான வண்டிகள் வயதாகி, ஏ.சி. குளிராமல் வந்து நிற்பது சாலையோரப் பட்டறைகளில்தான். கத்திரி வெயிலில் அங்கே அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு, "கம்ப்ரஸர் போயிடுச்சு சார், மாத்தணும்" என்பதே.

தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் கம்ப்ரஸர் காரணமின்றிக் கெடுவது அபூர்வம். கூலிங் காயிலிலிருந்து தாழ்ந்த அழுத்தத்தில் வரும் வாயுவை இழுத்து, சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேலாக நெருக்கிக் கண்டென்சருக்குத் தள்ளுகிற அந்த யந்திரத்துக்கு வேண்டிய எண்ணெய், வாயுவோடு கலந்தே குழாய்களெங்கும் சஞ்சரித்துத் திரும்பி வருகிறது. எங்கோ ஓர் ஓ-ரிங் காய்ந்தோ, கண்டென்சரில் கல் தெறித்தோ வாயு கசியும்போது எண்ணெயும் சிறுகச் சிறுகப் போய்விடுகிறது. கசிவைத் தேடாமல் வருஷந்தோறும் கேஸ் மட்டும் அடித்துக்கொண்டு ஓட்டுகிறவரின் வண்டியில், கம்ப்ரஸர் எண்ணெயின்றித் தேய்ந்து, கரகரவென்று சப்தமிட்டு, ஒரு நாள் இறுகி நின்றுவிடுகிறது.

அப்போது கழற்றிய குழாயின் வாயை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். தெளிந்த எண்ணெய் ஒட்டினால் பாதகமில்லை. கறுத்த குழம்பில் வெள்ளித்தூள் போல உலோகத் துகள்கள் மின்னினால், அந்தத் துகள்கள் கண்டென்சர் வரை பரவிவிட்டன என்று அறியலாம். இக்காலத்துக் கண்டென்சரின் நுண்ணிய துவாரங்களைக் கழுவித் துப்புரவாக்குவது அநேகமாக இயலாத காரியமாதலால், அதையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்தே மாற்றுவது அவசியம். இவற்றை விட்டுப் புதுக் கம்ப்ரஸரை மாத்திரம் பூட்டுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயமென்றே நான் கருதுகிறேன். பழைய துகள்களே புதியதையும் அரித்துவிடும்.

எண்ணெயை அந்த வண்டிக்கு விதித்த ரகத்திலும் அளவிலும் விட வேண்டும். மின்சாரத்தால் சுழலும் கம்ப்ரஸருள்ள வண்டிகளில் மின்சாரத்தைக் கடத்தாத தனி ரக எண்ணெய் உண்டு. அதில் மாறாட்டம் அபாயகரமானது. பிறகு வேக்கம் போட வேண்டும். பம்பு காற்றையெல்லாம் இழுத்து அழுத்தத்தைக் குறைக்கக் குறைக்க, குழாய்களுக்குள் தங்கிய ஈரம் சாதாரண உஷ்ணத்திலேயே ஆவியாகி வெளியேறுகிறது. அரை மணியோ முக்கால் மணியோ கழித்துப் பம்பை நிறுத்தி, கேஜின் முள்ளைக் கவனிக்க வேண்டும்: அது அசையாமல் நின்றால் நன்று; ஏறினால் கசிவோ ஈரமோ இன்னும் இருக்கிறது. விட்டுவைத்த ஈரம் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்னும். வாயுவைத் தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும். சிறிய கார்களுக்குச் சுமார் அரைக் கிலோ; சரியான எடை பெரும்பாலும் பானெட்டுக்கு அடியிலுள்ள சீட்டிலேயே இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டிக்கும் யந்திரம் செய்கிற காரியம் இதுவே: வேக்கம், கசிவுச் சோதனை, அளந்த வாயு. பட்டறையில் மாத்திரம் கைக்குளிர்ச்சியைக் கொண்டு அளவு தீர்மானிப்பானேன்?

பழைய வாயுவைத் திறந்துவிடுவதும் தகாது. ஓஸோன் படலத்தைக் கெடுத்த ஆர்-12 என்ற முந்தைய ஏ.சி. வாயு, 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் பயனாக விலக்கப்பட்டது. அதன் ஸ்தானத்தில் வந்த ஆர்-134ஏ ஓஸோனுக்குத் தீங்கற்றதெனினும், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது. அதை யந்திரத்தால் மீட்டுச் சிலிண்டரில் அடைப்பதே முறை.

இப்போது புதிதாகத் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினுக்கும் ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. என்ஜின் சூட்டில் வெந்துகொண்டே தேசத்தைக் கடந்த ஓட்டுநர்களுக்கு இது வெகுகாலம் தாமதித்துக் கிடைத்த நியாயம். ஒரகடத்துப் பட்டறைகளுக்கு இனி அவ்வண்டிகளும் வரும். சரக்கோடு நிற்கும் முதலாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், வேக்கம் போடும் முக்கால் மணி நேரத்தில் ஒரு நிமிஷமும் குறைக்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள்.