ஒரு மூடிய பாதையும் ஓரிரவுக் கூடாரமும்: யாழ்ப்பாணத்தில் கார்க் கழகம் கூடுவதற்கு என்ன தேவை?

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து வந்திருந்த சித்தப்பாவின் மகன், தனது கைத்தொலைபேசியில் சில படங்களைக் காட்டினான். பந்தயப் பாதையோரம் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் புல்வெளியில் சின்னச் சின்னக் கூடாரங்கள்.

“அக்கா, எங்கட கழகம் வருசத்துக்கு ஒருக்கா இப்பிடிக் கூடும். பகல் ட்ராக்கில ஓட்டம். இரவு அங்கயே முகாம். இஞ்ச இவ்வளவு ஏ40 கிடக்கு, ஏன் செய்யேலாது?”

பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தா. “முகாமோ? நாங்கள் இருந்த முகாம்கள் காணாதோ?”

எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

தம்பி லண்டன் திரும்பிவிட்டான். ஆனால் எங்கள் பகுதியில் பழைய கார் வைத்திருக்கும் சிலர் அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. எழுதத் தெரிந்தவள் என்பதால் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. கராஜ்காரர்கள், முதலுதவித் தொண்டர்கள், தெற்கில் ஓட்டப் போட்டிகளுக்குப் போய்வந்தவர்கள் என்று பலரிடம் விசாரித்தேன். கார்களைப் பற்றிய கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. நிலம் யாருடையது, யாருக்குக் காயம் வரும், யாருடைய நித்திரை கெடும் என்ற கேள்விகள்தான் நீண்டன. அறிந்ததை இங்கே பகிர்கிறேன்.

இந்தக் கார்கள் ஏன் மிஞ்சின?

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் வகைக் கார்களைக் காணலாம். வெளியிலிருந்து வருவோர் இதனை யாழ்ப்பாணத்தாரின் சிக்கனம் என்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெரிய காரணம் போர்.

1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், டீசல், பற்றரி உட்படப் பல பொருட்கள் தடைசெய்யப்பட்டன. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளவாக, கூடிய விலைக்கு. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்துக்குள் அது துளியாகவே நிற்கும். ஆகவே ஒரு சூப்பிப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி இயந்திரத்தை இயக்குவார்கள். இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள்.

எல்லா வாகனமும் இதனைத் தாங்காது. ஏ40 போன்ற 1950களின் இயந்திரங்கள் எரிபொருட் கலவையை ஏறத்தாழ ஏழு மடங்குதான் அமுக்கும். இன்றைய பெற்றோல் கார்கள் பத்து மடங்கு அளவிலோ அதற்கு மேலோ அமுக்குகின்றன. அந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் உரிய நேரத்துக்கு முன்பே எரிந்து இயந்திரத்தைப் பழுதாக்கிவிடும். பழைய இயந்திரத்திலும் செலவு இல்லாமல் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். கரி பிடிக்கும். பின்னால் வருபவனுக்குக் கண் எரியும். ஆனாலும் கார் ஓடும்.

அப்பா வாடகைக்கு ஓடியதும் அப்படியான ஓர் ஏ40. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே தென்மராட்சியை நோக்கி எழுந்து நடந்தபோது எனக்கு ஆறு வயது. காருக்குள் எங்களோடு பக்கத்து வீட்டுக் கிழவி, இரண்டு கைக்குழந்தைகள், ஒரு தையல் மெஷின். நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட ஓர் இரவு முழுவதும் சென்றது. சனத்துக்குள் கார் நகரவே இல்லை. றேடியேற்றர் கொதிக்கக் கொதிக்க, மழைத் தண்ணீரை அள்ளி ஊற்றினார் அப்பா. எங்கள் கழகத்தில் இன்று நிற்கும் கார்களில் அநேகமானவற்றுக்கு இப்படி ஒரு கதை இருக்கிறது. 2022 இல் பெற்றோலுக்காக இலங்கை முழுவதும் கியூஆர் குறியீட்டோடு வரிசையில் நின்றபோது, எங்கள் பகுதிப் பெரியவர்கள் பலருக்குச் சூப்பிப் போத்தல்தான் நினைவுக்கு வந்தது.

ட்ராக் டே என்றால் என்ன?

இது பந்தயம் அல்ல. முதலிடம், கிண்ணம், நேரக் கணக்கு எதுவும் இல்லை. சொந்தக் காரைப் பொது வீதிக்கு வெளியே, மூடிய பாதையில், சட்டப்படியும் அச்சமின்றியும் ஓட்டிப் பார்க்கும் நாள் இது.

காலையில் எல்லோரையும் கூட்டி விதிகளைச் சொல்வார்கள். அதற்கு வராதவர் ஓட முடியாது. அனுபவத்தைப் பார்த்துச் சாரதிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழு பதினைந்து, இருபது நிமிடம் ஓடி வெளியே வந்தபின்பே அடுத்த குழு உள்ளே போகும். முந்திச் செல்லக் குறித்த இடமும் குறித்த பக்கமும் உண்டு. வளைவுகளில் கொடியோடு ஆட்கள் நிற்பார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. கறுப்பு என்றால் குறித்த சாரதி வெளியே வர வேண்டும். ஹெல்மெற் கட்டாயம். அம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால், அது திரும்பும் வரை அல்லது வேறொன்று வரும் வரை பாதை மூடப்பட்டிருக்கும். வழமையான வாகனக் காப்புறுதி இத்தகைய ஓட்டத்துக்குப் பெரும்பாலும் செல்லாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் கழகப் பெடியளுக்கு இந்த விதிகளைச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: “இவ்வளவும் ஏன் அக்கா? இரவில நேர் ரோட்டில ஓடினாப் போச்சு.” பொது வீதியில் அனுமதியின்றி ஓட்டப்போட்டி நடத்துவது சட்டப்படி குற்றம். அதைவிட, நேர் வீதியில் இரவில் ஓடி இறந்தவர்களின் அஞ்சலிப் பதாகைகளை நாங்கள் சந்திதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தியத்தலாவையின் பாடம்

இலங்கையில் மோட்டார் ஓட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934 இல் தொடங்கியது. தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்துக்கு மக்கள் திரளாகப் போவார்கள். சில ஆண்டுகள் நின்றுபோன அந்த ஓட்டம் 2024 ஏப்ரல் 21 அன்று மீண்டும் நடந்தபோது, பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

இறந்தவர்கள் பாதையோரத்தில் நின்றவர்கள். ஆகவே முதலில் கேட்க வேண்டியது பார்ப்பவர் எங்கே நிற்பார் என்பதைத்தான். கட்டுப்பாட்டை இழக்கும் கார் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் போகும். அங்கே ஒருவரும் நிற்கக்கூடாது. கயிறும் றிபனும் காரை மறிக்காது. மண் அணையும் தூரமும்தான் மறிக்கும். கட்ட முடியாவிட்டால் பார்வையாளரைக் குறைக்க வேண்டும். எங்கள் திட்டத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பும் நுழைவுச்சீட்டும் இல்லாமற் போனதற்கு இதுவே காரணம்.

ஓடுதளங்கள்

அடுத்தது நிலம். ஒரு சிறிய பந்தயப் பாதைக்கே சில கிலோமீற்றர் தார் வேண்டும். கழகங்கள் இவ்வளவு தாரை எங்கிருந்து பெற்றன என்று தேடியபோது, பதில் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தது: போரிலிருந்து.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரன் 1943 இல் குண்டுவீச்சு விமானத் தளமாகத் திறக்கப்பட்டது. போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948 ஒக்டோபரில், அங்கே கார்கள் ஓடின. குட்வூட் பாதையும் அதே ஆண்டு ஒரு விமானத் தளத்தில்தான் பிறந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்ததும் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம். 1953 இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கழகம் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. இலங்கைச் சாரதிகளும் போய் ஓடினார்கள். 1990 இல் அந்தக் கழகம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதையைத் திறந்தது. எங்கள் நாட்டின் கட்டுக்குருந்தைப் பாதையும் பிரித்தானியக் கடற்படையின் போர்க்கால விமானத் தளமே.

இதே போரில் கட்டப்பட்ட இன்னொரு ஓடுதளம் பலாலி. சென்னைக் கழகம் புதிய பாதை திறந்த அதே 1990 இல், பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. 2009 க்குப் பிறகு காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னும் முழுதாக அல்ல. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகியது. வசாவிளான்–பலாலி வீதி 35 ஆண்டுகளுக்குப் பின் 2025 ஏப்ரல் 10 அன்று திறக்கப்பட்டது. திறந்தபோது விதித்த நிபந்தனைகள்: காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும், நிறுத்தக்கூடாது, திரும்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடந்து போகக்கூடாது, 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது.

“பலாலிப் பக்கம் வெறும் காணி எவ்வளவு கிடக்கு, கேட்டுப் பாப்பமே?” என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கழகத்தில் மூத்த அண்ணை ஒருவர் எழும்பினார். “அது வெறுங்காணி இல்லைத் தம்பி. அதுக்கு உறுதி இருக்கு, கிணறு இருக்கு, ஆள் இருக்கு. முதல்ல அவை போகட்டும்.” அதற்குப் பிறகு அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. இங்கிலாந்தில் போர் முடிந்தபின் தார் கார்களுக்குப் போனது. இங்கே அந்த வரிசையில் கார்களுக்கு முன்னால் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு ஏற்ற வடிவம்

பெரிய பாதை இல்லாமலும் வழி உண்டு. ஒரு சீமெந்துத் தளத்தில் கூம்புகளை வைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார் மட்டும் அவற்றைச் சுற்றிப் போய்வரும் ஓட்டம் அது. வளைதல், பின்னோக்கி எடுத்தல், குறித்த கோட்டில் நிறுத்துதல் என்று சாரதியின் கைத்திறனைப் பார்ப்பார்கள். முதல் இரண்டு கியர்களுக்கு மேல் தேவையில்லை. மோதுவதற்கு இன்னொரு கார் இல்லை. நெல் காயவிடும் தளம், களஞ்சிய முற்றம் போன்ற ஓர் இடம் போதும். பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தோம். ரயர் புல்லைக் கிழித்துவிடும்.

ஏ40 க்கு இதுவே பொருத்தம். அதன் உச்ச வேகம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர்தான். டிரம் பிரேக், தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிக்காது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது சீற் பெல்ற்றும் இல்லை. ஆகவே பெல்ற் பூட்டிய கார் மட்டுமே ஓடலாம். பிரேக், ஸ்ரியரிங், ரயர், எரிபொருள் குழாய், பற்றரி கட்டு ஆகிய ஐந்தையும் முதல்நாள் மெக்கானிக் பார்த்து ஒப்பமிட வேண்டும். தீயணைப்புச் சிலிண்டர், பயிற்சி பெற்ற முதலுதவியாளர், ஆயத்தமாக நிற்கும் வாகனம் மூன்றும் இல்லாமல் ஓட்டம் தொடங்காது. 1990 அம்புலன்ஸ் ஊர்ச்சனத்துக்கானது. அதை நம்பி நிகழ்வு நடத்துவது சரியல்ல.

நாள் குறிப்பதும் எளிதல்ல. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. நவம்பர் கடைசி வாரமும் மே நடுப்பகுதியும் நினைவுகூரும் நாட்கள். ஓகஸ்டில் நல்லூர். மார்ச்சில் வடக்கின் பெரும் சமர். மிச்சம் பெப்ரவரி, அதிலும் பரீட்சை இல்லாத ஒரு வார இறுதி.

சத்தத்தையும் யோசித்தோம். பழைய இயந்திரம் சிலவேளை சைலன்சரில் வெடிக்கும். அந்த ஒலி எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒன்றுபோலக் கேட்பதில்லை. ஆகவே சுற்றுவட்டார வீடுகளுக்கு நேரில் போய் நாளையும் நேரத்தையும் சொல்வது, மாலை ஐந்துக்கு நிறுத்துவது, பட்டாசு கொளுத்தாமல் விடுவது என்று முடிவானது. ட்ரோன் கமெராவும் இல்லை. படம் வடிவாக வரும் என்று இளையவர்கள் கேட்டார்கள். தலைக்கு மேல் வேவு விமானம் சுற்றிய நாட்களில் அதற்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்த சனத்தின் மேல் அந்த இரைச்சலை மறுபடி விட வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இளையவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஓர் இரவு

கூடாரத்துக்கு மணற்காடு, கசூரினா, சுண்டிக்குளம் என்று பல பெயர்கள் வந்தன. சுண்டிக்குளம் தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுவோர் பல ஆண்டுகளாக நிலத்தை அங்குலம் அங்குலமாகக் கிளறிவருகிறார்கள். அறியாத நிலத்தில் கூடார ஆணி அடிப்பதும் அடுப்புக்குக் குழி தோண்டுவதும் எங்களுக்கு விளையாட்டல்ல. ஆகவே தென்மராட்சியில் ஓர் உறுப்பினர் பல வருடங்களாகக் கொத்திப் பயிர் செய்யும் தென்னங்காணியைத் தெரிவுசெய்தோம். கிணறு உண்டு. மலசலகூடம் இரண்டு, பெண்களுக்குத் தனியாக ஒன்று. கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அழைப்பிதழில் ‘முகாம்’ என்ற சொல்லை வெட்டிவிட்டு ‘ஓரிரவுக் கூடாரம்’ என்று எழுதினேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“வாசல்ல ஆர் நிப்பினம்?” என்று கேட்டா.

“ஒருத்தரும் இல்லை அம்மா.”

“நடுச்சாமத்தில வீட்ட போக வேணும் எண்டால்?”

“கார் அங்கதானே நிக்கும். கொண்டுவந்து விடுவன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, “அப்பாவின்ர காரும் வருமோ?” என்றா.

வரும். அதற்கு இப்போது றேடியேற்றர் பார்க்கிறார்கள்.