மேகசினைக் கழற்றினா துப்பாக்கி காலியாயிடுமா?

அமெரிக்காவுல, குறிப்பா டெக்சஸ் மாதிரி மாநிலங்கள்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசில்லை. டீம்ல யாராவது ஒருத்தர், "சனிக்கிழமை ஷூட்டிங் ரேஞ்ச் போலாமா?"ன்னு கேட்பார். அப்படிப் போனப்பதான் இரண்டு பெரிய கைத்துப்பாக்கிகளை அடுத்தடுத்து சுட்டுப் பார்த்தேன். ஒன்று கோல்ட் 1911, இன்னொன்று க்ளாக் 21. இரண்டுமே .45 ஏசிபி தோட்டா, அதாவது கிட்டத்தட்ட 11.4 மில்லிமீட்டர் விட்டம். ஆனா கையில எடுத்தா இரண்டும் வேற வேற உலகம்.

1911-ஐ வடிவமைச்சவர் ஜான் பிரவுனிங். 1911இல் அமெரிக்க ராணுவத்துக்குள் வந்து, 1985 வரை அதன் முக்கியக் கைத்துப்பாக்கியா இருந்தது. முழுக்க இரும்பு. காலியா இருக்கும்போதே சுமார் 1.1 கிலோ, ஒரு கிலோ துவரம் பருப்பு பாக்கெட்டைவிடக் கனம். ஆனா பிடி ஒல்லியா, கைக்கு அடக்கமா இருக்கும். மேகசினில் 7 தோட்டா. டிரிகர் கொஞ்சம் அசைஞ்சாலே போதும், வெடிச்சிடும். அந்தக் கனமே உதைப்பை வாங்கிக்கிறதால, யாரோ நிதானமா கையைப் பின்னால தள்ளுற மாதிரிதான் இருந்தது.

க்ளாக் 21 ஆஸ்திரியத் தயாரிப்பு. உடம்பு பாலிமர், அதாவது உறுதியான பிளாஸ்டிக். எடை 1911-ஐவிடக் கால் கிலோவுக்கு மேல் குறைவு. மேகசினில் 13 தோட்டா அடங்குறதால பிடி தடிமன். என் மாதிரி சின்னக் கைக்காரங்களுக்குக் கொஞ்சம் சிரமம். சுடும்போது முனை இன்னும் கொஞ்சம் மேலே எகிறுச்சு.

நிஜமான வித்தியாசம் சேஃப்டியில்தான். 1911இல் கட்டைவிரலால் தள்ள வேண்டிய ஒரு சேஃப்டி உண்டு. பிடியின் பின்னாலும் ஒன்று. உள்ளங்கை அதை அழுத்தினால்தான் சுடும். பின்னால இருக்கிற ஹேமரைப் பார்த்தே அது தயாரா இல்லையான்னு தெரிஞ்சுக்கலாம். க்ளாக்கில் வெளியே ஹேமர் கிடையாது, தனியா தள்ளுற சேஃப்டியும் கிடையாது. டிரிகரிலேயே ஒரு சின்ன நாக்கு. உள்ளே இன்னும் இரண்டு தடுப்புகள். கீழே விழுந்தா வெடிக்காது, ஆனா விரல் வச்சு இழுத்தா வெடிக்கும். அந்த விரல் யாருடையதுன்னு அதுக்குத் தெரியாது.

சரி, நாம துப்பாக்கி வாங்கப் போறதில்லையே, இதெல்லாம் எதுக்கு? காரணம் இருக்கு. வழக்கமான வடிவத்தில், இந்த இரண்டிலுமே மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். டிரிகரை இழுத்தா அது வெடிக்கும். "மேகசினை எடுத்துத் தனியா வச்சுட்டேன், பயமில்லை"ன்னு ஒருத்தர் சொன்னா, அது பாதி பதில்தான். ஸ்லைடை இழுத்து சேம்பரையும் பார்த்தாத்தான் காலின்னு சொல்ல முடியும்.

2020இல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுள்ளவங்களோட மரணத்துக்கு முதல் காரணமா, வாகன விபத்தையும் முந்தி, துப்பாக்கி வந்தது. வீட்டுல துப்பாக்கி இல்லாம இருக்கிறதுதான் ரொம்பப் பாதுகாப்புன்னு அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் சொல்லுது. இருந்தா, தோட்டா நீக்கிப் பூட்டணும். தோட்டாவையும் தனியாப் பூட்டணும்.

நம்ம வீட்டுல இல்லைங்கிறது மட்டும் போதாது. பிள்ளைங்க விளையாடப் போற வீடு இருக்கே! வேர்க்கடலை அலர்ஜின்னா கூச்சப்படாம முன்கூட்டியே சொல்றோம்ல? அதே மூச்சுல, "உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா? தோட்டா எடுத்துப் பூட்டி வச்சிருக்கீங்களா?"ன்னும் கேட்டுடுங்க. பொறுப்பா வச்சிருக்கிறவங்க இதைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

பிள்ளைங்களுக்கு மூணே விஷயம் சொல்லிக் கொடுங்க: பொம்மை மாதிரி தெரிஞ்சாலும் தொடாதே. அந்த ரூமை விட்டு உடனே வெளியே வா. பெரியவங்ககிட்ட சொல்லு. சொல்லிக் கொடுத்தாச்சேன்னு நாம கேட்க வேண்டியதை மட்டும் விட்டுடாதீங்க. ஆர்வம் வந்துட்டா எந்தப் பிள்ளைக்கும் அறிவுரை ஞாபகம் இருக்காது. பூட்டு மட்டும்தான் நிற்கும்.