நினைவு நுரைக் கால்மிதி

நினைவு நுரைக் கால்மிதி என்பது குளியலறையிலிருந்து வெளிவருவோர் ஈரக் கால்களை ஒற்றிக்கொள்வதற்காக வாயிலில் இடப்படும், உள்ளே நினைவு நுரை கொண்ட தடித்த விரிப்பு ஆகும். கடைகளில் இது மெமரி ஃபோம் மேட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. தரை உலர்ந்திருக்கும் மேலைநாட்டுக் குளியலறைகளுக்காக உருவான பொருள் இது. தரை முழுவதும் நனையும் தமிழ்நாட்டுக் குளியலறைகளில், குறிப்பாக வடசென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோரப் பகுதிகளில், இதனைத் தேர்வதற்கும் பேணுவதற்கும் தனிக் கவனம் தேவைப்படுகிறது.

வரலாறு

நுரைக்கு அடிப்படையான பாலியூரித்தேன் என்னும் பல்லுறுப்பியை 1937 ஆம் ஆண்டில் செருமனியைச் சேர்ந்த ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். நினைவு நுரை 1966 இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக, வானூர்தி இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்கும் பொருட்டு உருவாக்கப்பட்டது. இப்பணியில் சார்லசு யோசுட்டு என்பவரின் பங்கு முதன்மையானது. பின்னர் இது மருத்துவமனைப் படுக்கைகளிலும், வீட்டு மெத்தை, தலையணைகளிலும், கால்மிதிகளிலும் பயன்பாட்டுக்கு வந்தது.

வடசென்னையும் நுரை மூலப்பொருளும்

பாலியூரித்தேன் நுரை, பாலியால், ஐசோசயனேட்டு ஆகிய இரு வேதிப்பொருட்கள் வினைபுரிவதால் உண்டாகிறது. கலவையில் சேர்க்கப்படும் நீர் ஐசோசயனேட்டுடன் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடு வளிமத்தை வெளியிடுகிறது. இவ்வளிமமே நுரையின் குமிழ்களை உருவாக்குகிறது.

திருவொற்றியூரை அடுத்த மணலியில் 1986 இல் நிறுவப்பட்ட மணலி பெட்ரோகெமிக்கல்சு நிறுவனம் பாலியால் தயாரிக்கிறது. இதற்குத் தேவையான புரோப்பிலீன், அருகிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பெறப்படுகிறது. மெட்ராசு ரிஃபைனரீசு என்ற பெயரில் 1965 இல் தொடங்கிய அவ்வாலை நிறுவனம், இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேசன் எனப்படுகிறது. மற்றொரு மூலப்பொருளான ஐசோசயனேட்டின் ஒரு வகை குசராத்து மாநிலத்தின் பரூச்சு பகுதியில் தயாராகிறது.

இயங்கும் முறை

சாதாரண நுரை, அழுத்தம் நீங்கியவுடன் துள்ளி எழும். நினைவு நுரையோ மெதுவாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பும். இது உடல் வெப்பத்தால் இளகி, பாதத்தின் வடிவுக்கேற்ப அமுங்கும் இயல்புடையது. குளிரில் இறுகும், வெப்பத்தில் மென்மையாகும். ஆகவே சென்னையின் கோடையில் அடர்த்தி குறைந்த நுரை, நிற்பவரின் எடையால் ஏறத்தாழ தரைவரை அமுங்கி, விரைவில் தட்டையாகிவிடும்.

இந்நுரையின் கண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் நீர் எளிதில் உட்புகும். ஆனால் மேலே துணியும் கீழே இரப்பர் அல்லது பிவிசி பூச்சும் மூடியிருப்பதால், உட்புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. இதுவே இக்கால்மிதியின் முதன்மையான குறை ஆகும்.

தேர்ந்தெடுத்தல்

நினைவு நுரைக் கால்மிதியை வாங்கும்போது கீழ்க்காண்பவற்றைக் கவனிக்கலாம்:

* நுரையின் தன்மை: கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் சில நொடிகள் நின்று மெல்ல மறைய வேண்டும். உடனே எழுந்தால் அது சாதாரண நுரை.
* தடிமன்: தடித்தது மென்மையாக இருக்கும்; ஆனால் உலர நெடுநேரம் ஆகும். கடலோர வீடுகளுக்கு மெல்லியதே ஏற்றது. கதவு வெளிப்புறம் திறப்பதாயின், கதவின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்த பின்னரே வாங்க வேண்டும்.
* அடிப்பூச்சு: வழுக்காத பூச்சு அடிப்பகுதி முழுவதும் இருத்தல் நலம். ஆங்காங்கே புள்ளிகளாக மட்டும் ஒட்டப்பட்டவை துவைக்கும்போது உதிரக்கூடும்.
* மேலுறை: கழற்றித் துவைக்கக்கூடிய உறை இருப்பின், நுரையைத் தனியே உலர்த்தலாம்.

முதியோர் உள்ள வீடுகளில் மிகத் தடித்த, மெத்தென்ற கால்மிதி நிலை தடுமாறச் செய்யலாம். அதன் விளிம்பும் காலைத் தடுக்கலாம். அவர்களுக்கு மெல்லிய, விளிம்பு சரிந்த கால்மிதியே பாதுகாப்பானது.

பயன்படுத்துமுன்

சுருட்டி இறுக்கிக் கட்டப்பட்டு வரும் கால்மிதியைப் பிரித்து, ஓரிரு நாட்கள் காற்றோட்டமான இடத்தில் விரித்து வைக்க வேண்டும். நுரை தன் முழுத் தடிமனை அடையவும், புது நுரையின் வேதி மணம் நீங்கவும் இது உதவும்.

இதனைக் குளியலறையின் உள்ளே இடாமல், வாயிற்படிக்கு வெளியே உலர்ந்த தரையில் இடுவதே முறையானது. நம் குளியலறைகளில் வாளியிலிருந்து மொண்டு ஊற்றும் நீர் தரையெங்கும் பரவும். அங்கே இட்ட கால்மிதி ஒருபோதும் உலராது. மேலும் அடிப்பூச்சுக்கும் தரைக்கும் இடையே நீர் தேங்கினால், வழுக்காமல் இருக்க இட்ட பொருளே வழுக்கி விழக் காரணமாகும். இட்ட பின் காலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்து, நகராமல் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பராமரிப்பு

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் ஈரம் நெடுநேரம் தங்குவதால், நுரையில் பூஞ்சை வளர ஏதுவாகிறது. பூஞ்சை நெடியும் கரும்புள்ளிகளும் இதன் அறிகுறிகள். பூஞ்சை, ஆசுத்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் தொல்லையைத் தூண்டக்கூடும். இரு கால்மிதிகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி இடுவதும், நாள்தோறும் சுவரில் சாய்த்துக் காற்றாட விடுவதும் பயன் தரும்.

கால்மிதியைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக்கரைசல் கொண்டு துவைக்கலாம். முறுக்கிப் பிழிந்தால் நுரை கிழியும். அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். பிளீச்சிங் பவுடர், கொதிநீர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கடும் வெயில் நுரையை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்வதால், நிழலில் காற்றோட்டமாக உலர்த்துவது நல்லது.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு சிக்கல் உப்பு நீர். மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியது 1960களின் பிற்பகுதியிலேயே அறியப்பட்டது. உப்பு நீரில் அலசிய கால்மிதியில் தங்கும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து அதனை மீண்டும் நசநசக்கச் செய்யும். எனவே கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்ய வேண்டும்.

பாலியூரித்தேன் நுரை எளிதில் தீப்பற்றக்கூடியது. எரியும்போது கார்பன் மோனாக்சைடு, ஐதரசன் சயனைடு போன்ற நச்சு வளிமங்கள் வெளிப்படும். குளியலறையும் சமையலறையும் அடுத்தடுத்து அமைந்த சிறு வீடுகளில், இதனை அடுப்பருகே உலர்த்துதல் கூடாது.

வெள்ளமும் கழிவும்

2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது, வெள்ளத்துடன் கலந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதனை அடுத்த குடியிருப்புகளுக்குள்ளும் புகுந்தது. எண்ணெயோ சாக்கடை நீரோ ஊறிய நுரையை வீட்டில் முழுமையாகத் தூய்மைப்படுத்த இயலாது, அகற்றிவிடுவதே தக்கது. ஆனால் எரித்தல் கூடாது. இந்நுரை எளிதில் மட்குவதில்லை என்பதால், குப்பையில் சேரும் கால்மிதி நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

மாற்றுப் பொருட்கள்

அடிக்கடி நனையும் இடங்களுக்குத் தண்ணீர் வடியும் துளைகள் கொண்ட இரப்பர் விரிப்பு பொருத்தமானது. பருத்தித் துணியாலான மிதியடி விரைவில் உலரும். மற்றத் துணிகளைப் போலவே துவைக்கலாம். தென்னை நார் மிதியடி கடல் மணலை நன்கு உதிர்க்கும். ஆகையால் காசிமேடு, எண்ணூர் போன்ற கடற்கரைப் பகுதி வீடுகளில் தலைவாயிலுக்கு அதுவே ஏற்றது. நாள்தோறும் உலர்த்த இடமும் காற்றும் உள்ள வீடுகளுக்கு மட்டுமே நினைவு நுரைக் கால்மிதி பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* பாலியூரித்தேன்
* மணலி
* எண்ணூர்க் கழிமுகம்
* தென்னை நார்