கம்பெனி மைலேஜ் வேறு, கைக்கு வரும் மைலேஜ் வேறு!
குட்டி யானை, பிக்கப் ஓட்டும் நம்மவர்கள் போட வேண்டிய கணக்கு

(நமது டிராம்பே நிருபர்)

“லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்?”

சரக்கு வண்டி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கேட்டவுடன் ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணை நம்பித்தான் மாதத் தவணை கணக்குப் போடுகிறோம். வாடகை பேசுகிறோம். ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம் என்றும் முடிவு செய்கிறோம்.

ஆறு மாதம் ஓட்டிய பிறகு பார்த்தால் கணக்கு உதைக்கிறது. 20 என்று சொன்ன வண்டி 14-தான் கொடுக்கிறது.

உடனே சந்தேகம் கிளம்புகிறது. வண்டியில் கோளாறா? பம்பில் அளவு குறைவா? இல்லை, டிரைவர் டீசலை விற்றுவிடுகிறாரா?

கடைசிச் சந்தேகம்தான் பொல்லாதது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவர் மீது அது திருட்டுப் பழியாக விழுகிறது. சம்பளத்தில் பிடித்தம், பிறகு வேலைக்கே உலை!

ஆனால், ஷோரூமில் சொன்ன அந்த எண் நம் ரோட்டுக்கும் நம் சுமைக்கும் உரிய எண்ணே அல்ல என்பதை முதலாளிகளும் டிரைவர்களும் தெரிந்துகொண்டால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

எண்ணெய் ஊர்

டிராம்பே எண்ணெய்க்குப் பேர் போன ஊர். ஜவஹர் தீவில் கப்பல்கள் இறக்கும் கச்சா எண்ணெய், கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாக மாகுலில் உள்ள 2 சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வருகிறது. ஒன்று 1954-ல் ஸ்டான்வாக் கம்பெனி தொடங்கி, பின்னர் எஸ்ஸோ ஆகி, இப்போது இந்துஸ்தான் பெட்ரோலியமாக இருப்பது. மற்றொன்று 1955-ல் பர்மா ஷெல் தொடங்கி, இப்போது பாரத் பெட்ரோலியமாக இருப்பது.

ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம் என்பதற்காக நமக்கு ஒரு சொட்டும் மலிவாகக் கிடைப்பதில்லை. 1976 மே மாதம் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது சீத்தா கேம்ப்புக்கு வந்து சேர்ந்தவர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இன்று அங்கே டெம்போ, பிக்கப் ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு. வாஷி மார்க்கெட்டில் இருந்து காய்கறி, தாராவியில் இருந்து தோல் பை, செம்பூரில் இருந்து வீட்டுச் சாமான் என்று ஏதாவது ஒரு லோடு அவர்களுக்குச் சோறு போடுகிறது.

2005 மே மாதம் டாடா கம்பெனி “ஏஸ்” என்ற சின்னஞ்சிறு சரக்கு வண்டியை இறக்கியது. 2 சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின். 750 கிலோ சுமக்கும். இந்திக்காரர்கள் அதைச் “சோட்டா ஹாத்தி” என்றார்கள். நம்மவர்கள் “குட்டி யானை” என்றார்கள். பிறகு 2011-ல் ஒசூரில் தயாராகும் அசோக் லேலண்டு “தோஸ்து” வந்தது. மகிந்திராவின் பொலிரோ பிக்கப் எங்கும் ஓடுகிறது. மூன்று சக்கர டெம்போவை விட்டுவிட்டு, கடன் வாங்கிச் சொந்த வண்டிக்காரர் ஆனவர்கள் பலர்.

எண் எப்படி வருகிறது?

புனேயில் 1966-ல் ஏற்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புது வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இடங்களில் அது முக்கியமானது.

சிறிய வண்டிகளுக்கான சோதனை ரோட்டில் நடப்பதில்லை. வண்டியை உருளைகள் மீது ஏற்றுவார்கள். நின்ற இடத்திலேயே சக்கரம் சுழலும். சுமார் 20 நிமிடம் சோதனை. அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோ மீட்டர். சராசரி வேகம் 32 கிலோ மீட்டர் அளவில் வரும். புகைக் குழாயில் வரும் வாயுவை அளந்து, எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று கண்டுபிடிப்பார்கள்.

சுமை எவ்வளவு? வண்டியின் சொந்த எடையோடு 150 கிலோ. அவ்வளவுதான்!

இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க இப்படி ஒரு முறை வேண்டும். எந்த வண்டி எதைவிடச் சிக்கனம் என்று ஒப்பிட அந்த எண் உதவும். ஆனால் முக்கால் டன் வெங்காயத்தோடு மான்குர்து சிக்னலில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தாது.

இந்த வித்தியாசம் நம் நாட்டில் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் 2001-ல் சோதனைச் சாலை எண்ணுக்கும் ரோட்டு எண்ணுக்கும் இடைவெளி சுமார் 9 சதவிகிதம். 2015 வாக்கில் அது 40 சதவிகிதத்தைத் தாண்டியது. அதன் பிறகுதான், 2017-ல், அங்கே சோதனை முறையையே மாற்றினார்கள். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் சுமார் 9 லட்சம் வண்டிகளுக்கு மைலேஜைக் கூட்டிச் சொன்னது 2012-ல் வெளிப்பட்டது. வாங்கியவர்களுக்குக் கூடுதல் பெட்ரோல் செலவைத் திருப்பிக் கொடுத்ததோடு, 2014-ல் 10 கோடி டாலர் அபராதத்துக்கும் ஒப்புக்கொண்டன.

எண்ணெய் எங்கே போகிறது?

குட்டி யானையின் சொந்த எடை சுமார் 800 கிலோ. முழு லோடு ஏற்றினால் 1,550 கிலோ. அதாவது, எடை ஏறக்குறைய இரட்டிப்பு ஆகிறது.

நின்ற வண்டியை 40 கிலோ மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, முழு லோடில் ஏறத்தாழ 10 மில்லி டீசல் எரியும். அடுத்த சிக்னலில் பிரேக் போட்டால் அந்த 10 மில்லியும் சூடாகிக் காற்றோடு போய்விடும். இப்படி 100 தடவை நின்று புறப்பட்டால் ஒரு லிட்டர் போச்சு! வண்டி காலியாக இருந்தால் இதில் பாதிதான் ஆகும்.

டிராம்பேயில் இருந்து தாராவி பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தான். ஆனால் எத்தனை இடத்தில் நிற்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டு 1-ந் தேதி மூடினார்கள். அதனால் சுற்றிப் போன வண்டிகளுக்குத் தூரமும் கூடியது, நெரிசலும் கூடியது. அந்தச் செலவு எந்தக் கம்பெனி அட்டையிலும் இராது.

மார்க்கெட் வாசலில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை ஓட விடுவதும் செலவுதான். பிக்கப் வண்டி சும்மா நின்றாலே மணிக்கு அரை லிட்டர் முன்பின் குடிக்கும். குட்டி யானைக்கு இதைவிடக் குறையும்.

ரயில்வே போடும் கணக்கு

சரக்கு ரயில் எஞ்சின் “லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் கொடுக்கும்” என்று ரயில்வேயில் யாரும் கேட்பதில்லை. ஆயிரம் டன் எடையை ஒரு கிலோ மீட்டர் இழுக்க எத்தனை லிட்டர் என்றுதான் பார்ப்பார்கள். எடையைச் சேர்க்காமல் எண்ணெய்க் கணக்கு இல்லை.

நம் வண்டிக்கும் இதே கணக்குதான் சரி. ஓர் உதாரணம்:

ஒன்றரை டன் சரக்கை 20 கிலோ மீட்டர் தூரத்துக்குக் கொண்டு போக வேண்டும். லிட்டருக்கு 16 கொடுக்கும் குட்டி யானை என்றால் 2 நடை போக வேண்டும். போக, வர 80 கிலோ மீட்டர். செலவு 5 லிட்டர். லிட்டருக்கு 10 மட்டுமே கொடுக்கும் பெரிய பிக்கப் என்றால் ஒரே நடை. 40 கிலோ மீட்டர். செலவு 4 லிட்டர்.

மைலேஜ் குறைந்த வண்டிக்கு இங்கே டீசல் குறைவு! ஆனால் சரக்கு 300 கிலோ மட்டும் என்றால் குட்டி யானைதான் லாபம். ஆகவே, உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் லோடு எவ்வளவு என்று பார்த்த பிறகே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“அப்படியானால் ஒன்றரை டன்னையும் குட்டி யானையிலேயே ஏற்றிவிடலாமே” என்று சிலர் நினைக்கலாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20 ஆயிரம் ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2 ஆயிரம். பிரேக் பிடிக்காமல் போனால் வரும் நஷ்டத்துக்கு அளவே இல்லை.

2 வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 16 கொடுக்கும் வண்டியை 20 ஆக்கினால் 100 கிலோ மீட்டருக்கு ஒன்றேகால் லிட்டர் மிச்சம். 8 கொடுக்கும் பழைய வண்டியை 10 ஆக்கினால் இரண்டரை லிட்டர் மிச்சம். ரிப்பேருக்குப் பணம் இருந்தால் முதலில் கிழட்டு வண்டிக்குச் செலவு செய்யுங்கள்.

நீங்களே அளக்கலாம்

இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

டாங்கை முழுக்க நிரப்புங்கள். பம்பு தானாக நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். மீட்டரில் உள்ள கிலோ மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த தடவை அதே பம்பில், அதே மாதிரி முழுக்க நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மைலேஜ்.

ஒரு தடவை அளந்து முடிவுக்கு வரக் கூடாது. 4, 5 தடவை அளந்து சராசரி எடுங்கள். எத்தனை நடை லோடு, எத்தனை நடை காலி என்றும் எழுதி வையுங்கள். வாடகை பேசும்போது காலியாகத் திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்தே பேச வேண்டும். விட்டுவிட்டால் அது உங்கள் பையில் இருந்துதான் போகும்.

பம்பில் அளவு பற்றிச் சந்தேகமா? ஒவ்வொரு பம்பிலும் அரசு முத்திரை குத்திய 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சி.என்.ஜி. வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேஸை கிலோ கணக்கில் விற்கிறார்கள். ஒரு கிலோ கேஸில் ஒரு லிட்டர் டீசலைவிடச் சக்தி அதிகம். ஆகவே “கிலோவுக்கு 20”, “லிட்டருக்கு 20” என்று இரண்டையும் ஒப்பிடக் கூடாது. கிலோ மீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பாருங்கள். கேஸ் நிரம்பும் அளவு அழுத்தத்தைப் பொறுத்து மாறும். அதனால் பத்துத் தடவை நிரப்பியதைச் சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது.

எது மிச்சம், எது ஆபத்து?

மத்திய அரசின் பெட்ரோலிய சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் யோசனைகள் எளிமையானவை. மணிக்கு 45 முதல் 55 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். டயரில் காற்று குறைய விடாதீர்கள். ஏர் பில்டரைச் சுத்தமாக வையுங்கள். கிளட்ச் மீது கால் வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். அதிக நேரம் நிற்க வேண்டியிருந்தால் எஞ்சினை நிறுத்துங்கள்.

ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் அறவே விட வேண்டும். புனே போய்த் திரும்பும்போது கண்டாளா மலைப் பாதையில் நியூட்ரலில் உருட்டி வருவதுதான் அது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் வந்தால் பிரேக்கின் பலம் குறைந்துவிடும். சுமை பின்னால் இருந்து தள்ளும். இதில் மிச்சமும் இல்லை. இப்போது வரும் வண்டிகளில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் எண்ணெய் வருவது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் எரியும்!

முதலாளிக்கும் டிரைவருக்கும்

முதலில் சொன்ன 20-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பணமாக்கிப் பார்ப்போம். வண்டி தினம் 70 கிலோ மீட்டர் ஓடுகிறது. 20 கொடுத்தால் மூன்றரை லிட்டர். 14 கொடுத்தால் 5 லிட்டர். தினம் ஒன்றரை லிட்டர் கூடுதல். டீசல் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 135 ரூபாய். 25 நாள் ஓடினால் மாதம் 3 ஆயிரத்து 375 ரூபாய்!

சொந்த வண்டிக்காரருக்கு இது பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கு இதுவே திருட்டுப் பழி.

ஆகவே, வண்டியை ஒப்படைக்கும்போதே முதலாளியும் டிரைவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாரம் அளந்து பார்க்க வேண்டும். லோடோடு எவ்வளவு, காலியாக எவ்வளவு, நெரிசலில் எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 6 மாதத்துக்கு ஒரு முறை திரும்ப அளக்க வேண்டும். வண்டிக்கும் வயதாகிறது அல்லவா?

அதன் பிறகும் எண் குறைந்தால் டயரைப் பாருங்கள். பில்டரைப் பாருங்கள். பம்பு அளவைப் பாருங்கள். டிரைவரைச் சந்தேகிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்கட்டும்.